ஆட்சி, ஆவணம், காட்சி: குடியுரிமை வழக்குகளில் மெய்ப்பிக்கும் பொறுப்பு குறித்த ஓர் அறநோக்கு

முன்னுரை

ஒருவர் ஒரு நாட்டின் குடிமகனா அல்லரா என்னும் ஐயம் எழும்போது, அதனைத் தீர்க்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது? ஐயுற்ற அரசு தன் ஐயத்தை மெய்ப்பிக்க வேண்டுமா? ஐயுறப்பட்டவர் தம் உரிமையை மெய்ப்பிக்க வேண்டுமா? இவ்வினா சட்ட நூலோர்க்கு மட்டும் உரியதன்று. அற நூலோர்க்கும் இலக்கிய ஆய்வாளர்க்கும் உரியது. குடியுரிமை இழந்தவர் ஒரு சலுகையை மட்டும் இழப்பதில்லை. பிற உரிமைகளைக் கோருவதற்கான தகுதியையே இழக்கிறார்.

2019 டிசம்பர் 31ஆம் நாள் திருவனந்தபுரத்தில் கூடிய கேரளச் சட்டமன்றம், அவ்வாண்டு இயற்றப்பெற்ற குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைத் திரும்பப்பெற வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த மாதமே கேரள அரசு அரசியலமைப்பின் 131ஆம் உறுப்பின்கீழ் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அக்காலத்து விவாதங்கள் பெரும்பாலும் ‘யாருக்குக் குடியுரிமை’ என்பதைப் பற்றியே அமைந்தன. ‘அதனை எவ்வாறு மெய்ப்பிப்பது, யார் மெய்ப்பிப்பது’ என்னும் வினா பின்தள்ளப்பட்டது. உரிமையை வரையறுக்கும் விதியினும் அதனை மெய்ப்பிக்கும் நெறியே பல வேளைகளில் மக்களின் ஊழைத் தீர்மானிக்கிறது. தமிழிலக்கியம் காட்டும் இரு வழக்குகளைத் துணையாகக் கொண்டு, இலங்கை மலையகத் தமிழரின் குடியுரிமைச் சிக்கலையும் இந்திய அயல்நாட்டார் சட்டத்தின் நடைமுறையையும் முன்னிறுத்தி, இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருவெண்ணெய்நல்லூர் அவை

பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணம் ஒரு வழக்கு விசாரணையை விரிவாகக் காட்டுகிறது. நம்பியாரூரரின் திருமணப் பந்தரில் முதிய அந்தணர் ஒருவர் புகுந்து, மணமகன் தனக்கு அடிமை என்கிறார். அதற்குச் சான்றாக ஓலை உண்டு என்கிறார். நம்பியாரூரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். வழக்குத் திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கிறது.

இவ்வழக்கு ஒருவரது நிலைபற்றியது என்பது கருதத்தக்கது. பொருளோ நிலமோ இங்கு வழக்கிடப்படவில்லை. ‘நீ யார்’ என்பதே வழக்கு. இந்நிலையில் அவையோர் நம்பியாரூரரை நோக்கி, ‘நீ அடிமையல்லன் என்பதைக் காட்டு’ என்று கேட்கவில்லை. வழக்குத் தொடுத்த முதியவரை நோக்கியே சான்று கேட்கின்றனர். ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி ஆகிய மூன்றனுள் ஒன்றைக் காட்டுமாறு கூறுகின்றனர். ஆட்சி என்பது நெடுங்கால அனுபவம்; ஆவணம் என்பது எழுத்து; காட்சி என்பது கண்டறிந்த அயலாரின் சான்று.

கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை தன்னிடம் உள்ளது என்கிறார் முதியவர். அதனையும் எதிரி வலிந்து பறிக்காதவாறு காப்பதாக அவை உறுதி அளித்த பின்னரே ஓலை வெளிப்படுகிறது. அவைக் கரணத்தான் அதனைப் படிக்கிறான். சான்றொப்பம் இட்டவர்களின் எழுத்துகள் சரிபார்க்கப்படுகின்றன. நம்பியாரூரரின் பாட்டனார் எழுதிய வேறோர் ஓலை காப்பிலிருந்து வருவிக்கப்பட்டு, இரண்டன் எழுத்தும் ஒத்துநோக்கப்படுகின்றன. இவை அனைத்தும் முடிந்த பின்னரே தீர்ப்பு வருகிறது.

இவ்விசாரணையிலிருந்து நான்கு நெறிகளை வகுத்துக்கொள்ளலாம். முதலாவது, ஒருவரது நிலையை மாற்ற விழைபவரே மெய்ப்பிக்கக் கடமைப்பட்டவர். இரண்டாவது, சான்றின் வகைகள் பல. அவற்றுள் ஒன்றே போதும். மூன்றாவது, சான்றைக் காப்பதும் ஒப்புநோக்குவதற்கு வேண்டியதை வருவிப்பதும் அவையின் கடமை. நான்காவது, தீர்ப்பு வரும்வரை ஐயுறப்பட்டவரின் நிலை மாறுவதில்லை. வழக்குத் தொடுத்தவர் இறைவனே என்பதைக் காப்பியம் கற்போர் அறிவர், அவையோர் அறியார். இறைவனாயினும் வழக்குரைப்பவர் என்ற நிலையில் சான்று காட்டியே ஆகவேண்டும் என்று சேக்கிழார் அமைத்திருப்பது எண்ணத்தக்கது. அவ்வவை அடிமை முறையை ஏற்றுக்கொண்ட அவை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. இங்குக் கொள்ளத்தக்கது அதன் முடிவன்று. அதன் முறையே ஆகும்.

மதுரைத் தீர்ப்பு

இதற்கு நேர்மாறான வழக்கைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. கோவலன்மேல் குற்றம் சாட்டியவன் பொற்கொல்லன். அவனே களவு செய்தவனும் ஆவான். ஆயினும் அவனிடம் சான்று கேட்கப்படவில்லை. சிலம்பு கையில் இருப்பின் கொன்று அதனைக் கொணர்க என்பதே பாண்டியன் ஆணை. கையில் இருத்தலே களவுக்குச் சான்று என்றாயிற்று. அது யாருடைய சிலம்பு என்னும் வினா எழவேயில்லை.

கொலைக்களக் காதையில் வரும் மற்றொரு செய்தி இவ்வாய்வுக்கு இன்னும் நெருக்கமானது. கோவலனைக் கண்ட காவலர், இவன் கொலைக்குரிய கள்வனாகத் தோன்றவில்லை என ஐயுறுகின்றனர். அவ்வையத்தைப் போக்கப் பொற்கொல்லன் களவு நூலை எடுத்துரைக்கிறான். மந்திரம், தெய்வம், மருந்து முதலான எட்டு வழிகளைக் கள்வர் கையாள்வர் என்கிறான். கள்வனாகத் தோன்றாமையே தேர்ந்த கள்வனுக்கு அடையாளம் என்பது அவன் வாதத்தின் சாரம். இவ்வாதத்திற்கு மறுப்பே இருத்தல் இயலாது. கள்வனாகத் தோன்றினும் கள்வன்; தோன்றாவிடினும் கள்வன். சான்று இல்லையெனில் அயலவர், சான்று இருப்பின் அது போலி என்னும் இக்கால வாதமும் இவ்வகையைச் சார்ந்ததேயாகும்.

வழக்குரை காதையில் மெய்ப்பிக்கும் பொறுப்பு முழுவதும் கண்ணகிமேல் விழுகிறது. அவள் அதில் வெற்றி பெறுகிறாள். எனினும் அவ்வெற்றி இரண்டு தற்செயல்களால் அமைந்தது. ஒன்று, இணைச் சிலம்பு அவளிடம் இருந்தது. மற்றொன்று, அரசியின் சிலம்பின் பரல் முத்து என்பதைப் பாண்டியன் மறைக்காது கூறினான். கோவலனிடமிருந்து பெற்ற சிலம்பையும் அவனே வருவித்து வைத்தான். எதிர்த்தரப்பாகிய அரசு தன்னிடம் உள்ள சான்றை வெளிப்படுத்தியிராவிடின், கண்ணகி உடைத்துக் காட்ட எதுவும் இருந்திராது. கற்புக் காப்பியமாகவும் ஊழ்வினைக் காப்பியமாகவும் பயிலப்படும் இந்நூலைச் சான்றுரிமைக் காப்பியமாகவும் பயில இடமுண்டு.

திருவனந்தபுரத்து ஆற்றுகால் பகவதி கோயிலில் மாசித் திங்கள் விழாவின்போது கண்ணகி கதை தோற்றம்பாட்டாகப் பாடப்படுகிறது. பாண்டியன் வதையுறும் பகுதி பாடப்பட்ட பின்னரே பொங்காலை அடுப்பில் தீ மூட்டப்படுகிறது. சேர நாட்டு மரபு அவ்வழக்கை இன்றளவும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. ஆயினும் அவ்விழா எழுப்பாத ஒரு வினா உண்டு. மற்றைச் சிலம்பு இல்லாத கண்ணகியர் என்ன செய்வர்?

மலையகத் தமிழரும் 1948ஆம் ஆண்டுச் சட்டமும்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே, கொல்லம் மாவட்டத்துப் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு 1976ஆம் ஆண்டு மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் தொடங்கப்பெற்றது. மத்திய அரசும் கேரள அரசும் இணைந்து நடத்தும் நிறுவனம் இது. குளத்தூப்புழை, ஆயிரநல்லூர் ஆகிய இடங்களில் அமைந்த இதன் இரப்பர்த் தோட்டங்களில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடியமர்த்தப்பட்டனர். ‘தாயகம் திரும்பியோர்’ என்னும் சொல்லே ஆராயத்தக்கது. இவர்களுள் பலர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். பார்த்திராத நாட்டுக்குத் ‘திரும்பியவர்கள்’. அந்நிலைக்கு அவர்களை ஆளாக்கியது ஒரு மெய்ப்பிப்பு விதியே ஆகும்.

இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் இயற்றப்பெற்றது. அச்சட்டத்திற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வழிவழிக் குடிமகனாகக் கருதப்பட வேண்டுமெனின், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் அங்குப் பிறந்திருத்தல் வேண்டும். தாய் பிறந்த இடம் கணக்கில் கொள்ளப்படவில்லை. விதி இனப் பெயர் எதனையும் கூறவில்லை. சொல்லளவில் அனைவர்க்கும் பொது. ஆயின் ஐயம் அனைவர்மேலும் எழவில்லை. தோட்டத்துத் தமிழரிடமே மூதாதையரின் பிறப்புச் சான்று கேட்கப்பட்டது.

அச்சான்று அவர்களிடம் இருந்திருக்க முடியுமா என்பதே அறவினா. காப்பித் தோட்டங்களுக்கென 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே தமிழகத்திலிருந்து தொழிலாளர் கொண்டு செல்லப்பட்டனர். இலங்கையில் பிறப்புப் பதிவு கட்டாயமானதோ அந்நூற்றாண்டின் இறுதியில்தான். தொழிலாளர்தம் பெயர்கள் கங்காணியின் ஏட்டிலும் தோட்டத்துச் செக்ரோலிலும் பதிவாயின. அவ்வேடுகள் துரைமாரின் அலுவலகங்களில் இருந்தன. பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதியவர் தோட்ட எழுத்தரே ஆவார். ஒரே பெயர் இடத்துக்கு ஒன்றாக எழுதப்பட்டது. இவ்வாறு, பிறர் எழுதி, பிறர் காப்பில் வைத்த ஆவணத்தை எழுத்தறியாத் தொழிலாளி கொணர்ந்து காட்ட வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது. நூறாண்டுக்கும் மேற்பட்ட உழைப்பாகிய ஆட்சியும், அயலாரின் காட்சியும் இவ்விதியின் முன் செல்லாதனவாயின.

இச்சட்டத்தில் ஒரு முரண் உண்டு. பெற்றோர் இன்னாரென அறியவொண்ணாதவாறு கைவிடப்பட்ட பச்சிளங் குழந்தை இலங்கையில் கண்டெடுக்கப்படின், மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை அது வழிவழிக் குடியாகவே கருதப்படும் என அச்சட்டமே கூறியது. இது மனிதநேயம் மிக்க விதி என்பதில் ஐயமில்லை. ஆயின், பெற்றோர் யாரென ஊரறியப் பிறந்த தோட்டத்துக் குழந்தைக்கு அவ்வுயுகம் மறுக்கப்பட்டது. ‘மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை’ என்னும் தொடரை எழுதச் சட்டம் இயற்றியோர் அறிந்திருந்தனர். யாருக்கு எழுதுவது என்பதிலேயே அறம் பிறழ்ந்தது.

1949ஆம் ஆண்டு இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம் பதிவுவழிக் குடியுரிமைக்கு இடந்தந்தது. 1946 ஜனவரி 1க்கு முன்னர், மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டும். அவ்வாண்டே இயற்றப்பெற்ற தேர்தல் திருத்தச் சட்டம் குடியுரிமை அற்றோரை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கியது. இதனை எதிர்த்த கோடாக்கன் பிள்ளை வழக்கில், 1953ஆம் ஆண்டு இலண்டன் கோமறைக் கழகம் அச்சட்டங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது. பதிவுவழிக் குடியுரிமைக்கு விண்ணப்பித்த குடும்பங்களைச் சேர்ந்தோர் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 1964 வரையில் அதனைப் பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974ஆம் ஆண்டு இரு நாடுகளுக்கும் பாதியாகப் பகிரப்பட்டனர். இம்மக்களின் சார்பாளர்களைக் கலந்துகொள்ளாமலே இப்பங்கீடு நடந்தது. முன்னர்ச் சான்று கேட்டு மறுத்த அரசு, பின்னர்ச் சான்றே கேளாமல் எண்ணிக்கையால் பிரித்தது. இரண்டிலும் தனிமனிதர் கேட்கப்படவில்லை.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இந்நிலையைத் தலைகீழாக மாற்றியது. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அது குடியுரிமை அளித்தது. முப்பாட்டனின் பிறப்புச் சான்றுக்கு மாறாக வாழ்ந்த வாழ்வும் எளிய அறிவிப்பும் போதுமாயின. ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் துணையோடு நடந்த இயக்கத்தில் பத்து நாள்களுக்குள் ஏறத்தாழ 1,90,000 பேர் குடியுரிமை பெற்றனர். மக்கள் மாறவில்லை, அவர்தம் வரலாறு மாறவில்லை, அவர்கள் கையில் புதிய ஆவணம் எதுவும் வந்துசேரவில்லை. மெய்ப்பிக்கும் நெறி ஒன்றே மாறியது. அரைநூற்றாண்டுச் சிக்கல் சில நாள்களில் தீர்ந்தமை, அச்சிக்கல் எங்கிருந்தது என்பதைத் தெளிவாக்குகிறது.

இந்திய நடைமுறை

இந்தியாவில் 1946ஆம் ஆண்டு அயல்நாட்டார் சட்டத்தின் 9ஆம் பிரிவு, தாம் அயல்நாட்டார் அல்லர் என மெய்ப்பிக்கும் பொறுப்பை ஐயுறப்பட்டவர்மேல் வைத்தது. அசாம் மாநிலத்திற்கென 1983ஆம் ஆண்டு இயற்றப்பெற்ற தனிச்சட்டம் அப்பொறுப்பை அரசின்மேலும் முறையீட்டாளர்மேலும் மாற்றியது. 2005ஆம் ஆண்டு சர்பானந்த சோனோவால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தனிச்சட்டத்தைச் செல்லாது என்றது. பிறந்த நாள், பிறந்த இடம், பெற்றோர் பெயர் ஆகியன ஒருவரது சொந்த அறிவுக்கு உட்பட்டவை. ஆகவே அவரே மெய்ப்பித்தல் தகும் என்பது அத்தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. 2019 ஆகஸ்டு 31ஆம் நாள் வெளியான அசாம் குடிமக்கள் பதிவேட்டில் 19,06,657 பேர் இடம்பெறவில்லை. 2025ஆம் ஆண்டுப் புதிய சட்டம் 1946ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கியபோதும், மெய்ப்பிக்கும் பொறுப்புப் பற்றிய விதியைத் தக்கவைத்துக்கொண்டது.

2024 ஜூலை 11ஆம் நாள் முகமது ரகீம் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இத்தொடர்பில் குறிப்பிடத்தக்கது. 9ஆம் பிரிவு இருப்பினும், அடிப்படை ஏதுமின்றி ஒருவரைச் சுட்டி ‘நீ அயல்நாட்டான்’ எனக் கூறி விசாரணையைத் தொடங்க அரசுக்கு உரிமை இல்லை. ஐயத்திற்குரிய சான்றுப் பொருளை முதலில் அவர்க்குத் தெரிவித்தல் வேண்டும். பெயர் எழுத்திலும் நாள்களிலும் காணும் சிறு வேறுபாடுகள் உரிமையைப் பறிக்கப் போதிய காரணம் ஆகா என அத்தீர்ப்பு தெளிவுறுத்தியது. முதற்சான்று வழக்குரைப்பவரிடமிருந்தே வரவேண்டும் என்னும் திருவெண்ணெய்நல்லூர் நெறியின் ஒரு பகுதி இதனால் மீட்கப்பட்டது எனலாம்.

மறுப்பும் விடையும்

ஐயுறப்பட்டவரே மெய்ப்பிக்க வேண்டும் என்பார் கூறும் காரணங்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. ஒருவர் அயல்நாட்டில் பிறந்தார் என்பதற்கான பதிவு அயல்நாட்டில்தான் இருக்கும். அதனை இந்திய அரசு எவ்வாறு பெறும்? தம் வரலாற்றை மறைப்பவரிடம் அரசு தோற்றுப்போகாதா? இவ்வினாக்கள் நேர்மையானவை.

எனினும் ‘சொந்த அறிவு’ என்னும் அடிப்படையே ஆய்வுக்குரியது. எவரும் தம் பிறப்பைத் தாமே கண்டறிந்தவர் அல்லர். பிறந்த நாளும் இடமும் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவை. தந்தையின் பிறப்பு அதனினும் சேய்மையது. பாட்டனின் பிறப்போ கேள்வியின் கேள்வி. மரபுவழி அளவை நூல் முறையில் கூறின், இவை காண்டல் அளவையால் பெறப்படுவன அல்ல, உரையளவையால் பெறப்படுவன. உரையளவைச் செய்தியை ஆவணத்தால் மட்டுமே நிறுவுக என்பது, அறிவின் இயல்போடு பொருந்தாத கட்டளை ஆகும். பிறப்பேடு, வாக்காளர் பட்டியல், நிலவரி ஏடு ஆகிய ஆவணங்களையோ அரசே எழுதுகிறது, அரசே காக்கிறது. ஆகவே சிறப்பறிவு உடையவர் மெய்ப்பிக்க வேண்டும் என்பதே நெறியாயின், அந்நெறி அரசையே முதலில் சுட்டும்.

இச்சுமை அனைவர்மேலும் ஒரே அளவில் விழுவதுமில்லை. பள்ளி செல்லாதவர், நிலமற்றவர், வெள்ளத்தாலும் போராலும் இடம்பெயர்ந்தவர் ஆகியோர்மேல் அது மிகுதியாக விழுகிறது. சிறப்பாக, இளமையிலேயே மணமுடித்து வேற்றூர் சென்ற பெண்டிர்க்குத் தந்தையோடு தம்மைத் தொடர்புறுத்தும் தாள் கிட்டுவது அரிது. சட்டத்தின் முன் அனைவரும் நிகர் என்னும் கோட்பாடு, சான்றின் முன் அனைவரும் நிகரல்லர் என்னும் உண்மையால் வலுவிழக்கிறது.

பிழையின் தன்மையும் எண்ணப்பட வேண்டும். விசாரணையில் பிழைகள் இருவகையாக நேரும். குடியல்லாத ஒருவரைக் குடியெனக் கொள்வது ஒன்று. குடியாகிய ஒருவரை அயலார் எனத் தள்ளுவது மற்றொன்று. முன்னது பின்னர்த் திருத்தத்தக்கது. பின்னது, சிறைக்காவலாகவும் நாடற்ற நிலையாகவும் முடியின், இழந்த ஆண்டுகளை எத்தீர்ப்பும் மீட்டுத் தாராது. பாண்டியன் தன் பிழையை உணர்ந்தான், உயிரும் துறந்தான். ஆயினும் கோவலன் மீளவில்லை. திருத்தவியலாப் பிழையைத் தவிர்க்கும் பொருட்டுத் திருத்தவல்ல பிழையை ஏற்பதே நடுவுநிலைமையின் பாற்படும். செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர் முறை என்பதற்கு ஆராய்தலையும் தேர்தலையுமே இலக்கணமாக வைத்தார். ஆராய்தல் ஆள்வோர் கடன். அதனை ஆளப்படுவோர்மேல் ஏற்றுதல் முறையாகாது.

இதனால் ஐயுறப்பட்டவர்க்கு எப்பொறுப்பும் இல்லை என்பது பெறப்படாது. அரசு தக்க காரணத்தையும் தன்னிடம் உள்ள பதிவுகளையும் முன்வைத்த பின், விளக்கம் தரும் கடமை அவரைச் சாரும். அவ்விளக்கம் ஆட்சியாகவோ ஆவணமாகவோ காட்சியாகவோ அமையலாம். மூன்றனுள் ஒன்று போதும். இவ்வொழுங்கில் அரசு தோற்பதில்லை. ஆராயாமல் வெல்லும் வாய்ப்பை மட்டுமே இழக்கிறது.

முடிவுரை

குடியுரிமை வழக்கில் மெய்ப்பிக்கும் பொறுப்பு என்பது நடைமுறை நுணுக்கம் மட்டும் அன்று. அரசுக்கும் மனிதர்க்கும் இடையிலான உறவைப் பற்றிய அறமுடிவு ஆகும். நிலையை மாற்ற விழைபவரே முதலில் மெய்ப்பித்தல், சான்று யார் காப்பில் உள்ளதோ அவரே அதனை வெளிப்படுத்தல், சான்றுவகை பலவற்றை ஏற்றல், முடிவு வரும்வரை உரிமை குன்றாதிருத்தல் என்பன அதற்கு உகந்த நெறிகளாக இவ்வாய்வால் பெறப்படுகின்றன. இலங்கையின் 1948ஆம் ஆண்டுச் சட்டம் இந்நெறிகளுக்கு மாறாக நின்றமையாலேயே பல இலட்சம் மக்களை நாடற்றவர் ஆக்கியது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றை ஓரளவு தழுவியமையாலேயே அவர்தம் எச்சத்தினர்க்கு நாடு தந்தது.

கண்ணகியிடம் மற்றைச் சிலம்பு இருந்தது. அதனால் அவள் வழக்கு காப்பியமாயிற்று. சிலம்பு இல்லாதவர்க்கும் வழக்குரைக்க இடந்தரும் அவையே முறைசெய்யும் அவையாகும்.